இந்த ஜூன் 5-இல் இன்னும் 25 மரங்களைக் கொல்ல வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு ‘அருமை டீச்சர்’ என்று போட்டுவிட்டு நகர்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் நோட்டுத் திருத்திய கண் இது. முழுதாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். போன வருடம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, 94 செட் பிள்ளைகள் நம் பள்ளி வளாகத்தில் 12 மரங்கள் நட்டார்கள். 8 சரக்கொன்றை, 4 மகிழம். கன்றுகள் இல்லை, பத்து, பன்னிரண்டு அடி உயரத்துக்கு வளர்ந்த மரங்கள். லாரியில் வந்து இறங்கின. ஒரு காண்ட்ராக்டர் ஆள் வைத்து நட்டார். மரம் ஒன்றுக்கு 4,500 ரூபாய், மொத்தம் 54,000. பேனர் கட்டினோம், போட்டோ எடுத்தோம், கேசரி சாப்பிட்டோம்.

இப்போது குழுவில் ஒரே பேச்சு: “எல்லா மரமும் போச்சு. பிடுங்கிட்டு வேற வைப்போம்.” முடிவும் எடுத்துவிட்டீர்கள். வருகிற ஜூன் 5-இல் 25 பெரிய மரங்கள், மரம் 6,000 ரூபாய். ஒன்றரை லட்சம்.

உங்கள் மனதை நான் குறை சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சம்பாதித்த காசைப் படித்த பள்ளிக்குக் கொடுக்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருடத்து மரங்கள் ஏன் இப்படி ஆயின என்று யாராவது தோண்டிப் பார்த்தீர்களா?

குழுவில் வந்த யோசனைகளை எண்ணினேன். ஒருவர் யூரியா போடச் சொன்னார். ஒருவர் டி.ஏ.பி. ஒருவர் மீன் அமிலம், ஒருவர் பஞ்சகவ்யா. “தண்ணி பத்தலை” என்று நான்கு பேர். “பூச்சி மருந்து அடிங்க” என்று இரண்டு பேர். என் மதினி தனியாகப் போன் போட்டு, “கண்ணு பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லு” என்றார். எல்லா யோசனைக்கும் ஒரே குணம்: மரத்துக்கு எதையாவது ஊற்று, எதையாவது போடு, எதையாவது கட்டு. மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் மாற்றி நட்ட மரம் வாடினால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதற்குப் பசியும் இல்லை, நோயும் இல்லை. நட்ட அன்றைக்கு நாம் செய்த தவறு அதன் வேரில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே என்ன ஊற்றினாலும் வீண். பார்க்காமல் பிடுங்கிவிட்டு அதே குழியில் அதே மாதிரி இன்னொன்றை நடுவது, தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தாமல் பக்கத்துத் தாளில் மறுபடி எழுதுவதுதான்.

அஞ்சாம் வகுப்புப் பாடம்தான்

இலை சமையல்கட்டு. வேர் தண்ணீர் எடுத்து அனுப்புகிறது. இலையில் சமைத்த சாப்பாடு பட்டை வழியாக வேருக்கு இறங்குகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணுக்குள் காற்று இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். இவ்வளவுதான் பாடம். கரும்பலகையில் படம் போட்டு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

தண்ணீர் எடுப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற தடித்த வேர் இல்லை. அதன் நுனியில் நூல் போல இருக்கிற வேர்களும் அவற்றின் மேல் இருக்கிற வேர்த்தூவிகளும்தான். அவை மரத்தடியில் குவிந்திருப்பதில்லை. கிளை பரவிய எல்லையையும் தாண்டி, பெரும்பாலும் மேல்மண்ணின் ஒன்றரை இரண்டு அடிக்குள் பரவியிருக்கும். மரத்தை அடியோடு தோண்டி எடுக்கும்போது அதில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே அறுந்து நின்றுவிடுகிறது. மேலே பத்தடி மரம், கீழே ஒரு கூடை வேர். பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டிய வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் மாதிரி. அந்த மரம் வாடாமல் என்ன செய்யும்?

தோண்டி எடுக்கிற மரத்துக்குத் தோட்டக்கலைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடிமரத்தின் குறுக்களவைப்போல் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு மண்ணுருண்டையோடு எடுக்க வேண்டும். நம் மரங்களின் அடி மூன்று அங்குலம். அப்படியென்றால் முப்பது அங்குல உருண்டையாவது வேண்டும். நம் லாரியில் வந்தது பதினைந்து அங்குலப் பை. இந்த ஒரு கழித்தலிலேயே பாதி விடை வந்துவிட்டது.

போன சனிக்கிழமை பார்த்தது

உள்ளூரில் இருக்கிற இரண்டு பழைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, கடப்பாரை, களைக்கொத்து, ஒரு வாளியோடு பள்ளிக்குப் போனேன். 12 மரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மதியம் ஆகிவிட்டது.

முதலில், எல்லாம் போகவில்லை. பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை செத்தது. நுனியில் தொடங்கி அடி வரை சுரண்டிக்கொண்டே வாருங்கள். அப்படிப் பார்த்ததில் செத்தவை ஐந்து. உயிரோடு இருப்பவை ஏழு. நீங்கள் ‘போச்சு’ என்று எழுதியவற்றில் மூன்று சரக்கொன்றைக்குப் பச்சை இருக்கிறது.

அந்த மூன்றும் பங்குனியில் இலை கொட்டியதைப் பார்த்துத்தான் பயந்துவிட்டீர்கள். சரக்கொன்றை கோடையில் இலை உதிர்க்கிற மரம். இலையில்லாத கிளையில்தான் சித்திரை, வைகாசியில் மஞ்சள் மஞ்சளாகச் சரம் தொங்கும். கேரளத்தில் விஷுக் கணிக்கு வைக்கிற பூ அதுதானே? இலை கொட்டுவது அதன் வழக்கம். மகிழம் அப்படி இல்லை. எப்போதும் பச்சையாக இருக்கிற மரம். அது கொட்டினால் கவலைப்படுங்கள். என்ன மரம் என்று தெரிந்துகொள்ளாமல் அதன் நோயைச் சொல்ல முடியாது.

அடுத்து, செத்த ஐந்தை அசைத்துப் பார்த்தோம். கையோடு வந்துவிட்டது. ஒரு வருடம் ஆகியும் வேர் பையின் உருவத்திலேயே இருந்தது. மூன்றில் பிளாஸ்டிக் பையே கழற்றப்படவில்லை. அடியில் மட்டும் ஒரு கீறல் போட்டு அப்படியே குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். கட்டைவிரல் தடிமன் வேர்கள் அரிவாளால் வெட்டிய முனையோடு நின்றன. அதாவது அவை பையில் வளர்ந்த மரங்களே இல்லை. எங்கோ தரையில் வளர்ந்ததைத் தோண்டிப் பைக்குள் திணித்தவை. மற்ற இரண்டில் மண்ணை முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை. வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தது. மூச்சு முட்டிச் செத்த வேர் அப்படித்தான் இருக்கும்.

உயிரோடு இருக்கிற ஏழிலும் ஒரு பொதுத் தவறு. எல்லாமே ஆழமாக நடப்பட்டிருக்கின்றன. பழைய புளியமரத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? பாவாடை விரிந்தது போல அகன்று மண்ணுக்குள் போகும். அடிமரம் வேராகப் பிரிகிற அந்த இடம் மண்மட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் மரங்கள் கரண்டுக் கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போகின்றன. தோண்டிப் பார்த்தால் அந்த விரிவு நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு சாண் ஆழம் வரைக்கும் புதைந்து கிடக்கிறது. பட்டை காற்றில் இருக்க வேண்டியது. அதை ஈரமண்ணில் புதைத்தால் அழுகும். வேர் மேல்மண்ணில் இருக்க வேண்டியது. அதை ஆழத்தில் இறக்கினால் காற்றுக்குத் திணறும். “ஆழமா வச்சாத்தான் காத்துக்குச் சாயாது” என்றார் காண்ட்ராக்டர். மரத்தைச் சாயாமல் பிடிப்பது பரந்த வேர். புதைத்த தண்டு இல்லை.

நான்கு மரங்களில் முட்டுக்கம்போடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. சாப்பாடு பட்டை வழியாகத்தானே வேருக்கு இறங்குகிறது? கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டு, கீழே உரம் போடச் சொல்கிறீர்கள்.

இரண்டு மகிழத்தின் இலையெல்லாம் ஓரம் கருகியிருந்தது. பூச்சி என்று குழுவில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாய் நேரே அந்த இரண்டு பாத்திக்குள் விடப்பட்டிருக்கிறது. ஆர்.ஓ. கழிவு என்றால் உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிற தண்ணீர். ஏற்கெனவே நம் ஊர் போர்த் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ‘வீணாக்காமல் செடிக்கு விடுகிறோம்’ என்று பெருமையாக உப்பை ஊற்றியிருக்கிறோம்.

தண்ணீரும் உரமும் ஏன் காப்பாற்றவில்லை

“முதல் மாசம் தினமும் ஹோஸ் பைப்ல விட்டோமே டீச்சர்” என்கிறீர்கள். அதுதான் சொல்கிறேன். நம்முடையது கரிசல் மண். கரிசலில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, செம்மண்ணும் மணலும் எருவும் கொட்டி நிரப்பினால் அது குழி இல்லை, தண்ணீர்த் தொட்டி. உள்ளே தண்ணீர் வேகமாக இறங்கும்; சுற்றியுள்ள கரிசல் அதை வெளியே விடாது. சந்தேகமா? ஒரு குழி வெட்டி மாலையில் நிறையத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் வேர் மூழ்கும். இன்னொன்று, தளர்ந்த மண் நாளாக நாளாக அமுங்கும். மரமும் கூடவே கீழே இறங்கும். சரியான மட்டத்தில் நட்டதுகூட ஆழமாகிவிடுவது இப்படித்தான்.

தண்ணீர் இல்லாமல் வாடுகிற இலையும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகி வாடுகிற இலையும் பார்க்க ஒரே மாதிரித் தொங்கும். இலையைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். மண்ணைப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கம்பியை இறக்கி, அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, கையில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள். முக்கியமான விஷயம்: மரத்தோடு வந்த மண்ணுருண்டைக்குள் பார்க்க வேண்டும், பக்கத்து மண்ணில் இல்லை. பக்கத்தில் சேறாக இருக்கும்போதே உருண்டை எலும்பாகக் காய்ந்து கிடப்பது உண்டு. இரண்டு மண்ணும் வேறு வேறு ரகம். தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகப் போகாது.

ஏப்ரல் விடுமுறை வந்தது. பள்ளி பூட்டு. தினமும் மூழ்கிய மரத்துக்கு ஒரு மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வேரை அறுக்கும், அதன் வழியே காற்று புகுந்து மீதி வேரையும் காய வைக்கும். மழையில் மூழ்கடித்து வெயிலில் காயப் போட்டுவிட்டு, மரம் ராசியில்லை என்கிறோம்.

உரத்துக்கு வருவோம். ஆபரேஷன் முடிந்து இன்னும் கண் திறக்காதவன் வாயில் யாராவது பிரியாணியைத் திணிப்பார்களா? வேரே இல்லாத மரத்துக்கு யூரியா அப்படித்தான். ரசாயன உரம் உப்பு. மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீர் இழுப்பது இன்னும் கஷ்டமாகும். தழைச்சத்து வேலை செய்தாலும் துளிர் ஓடும். அந்தத் துளிருக்கும் தண்ணீர் அனுப்ப வேர் கிடையாது. பச்சைச் சாணத்தைக் குழியில் கொட்டினால் சூட்டில் வேர் வேகும், கறையானும் வரும். புது வேர் பிடித்து, மரம் தானாகத் துளிர்த்த பிறகு, மழைக்காலத்தில் நன்றாக மக்கிய எரு மேலாகப் போட்டால் போதும்.

பூச்சி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கொன்றை இலையைப் பச்சைப் புழு தின்றால் உடனே மருந்து தெளிக்காதீர்கள். மஞ்சள் வெள்ளையாக மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கிறதே, அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. கொன்றை இலைதான் அதன் சாப்பாடு. வேர் நன்றாக இருக்கிற மரம் தின்ற இலையை மறுபடி விட்டுக்கொள்ளும்.

அந்த ஏழையும் பிடுங்காதீர்கள்

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.

1. அடிமரத்தைச் சுற்றிக் களைக்கொத்தாலும் கையாலும் மண்ணை மெதுவாக விலக்கி, வேராகப் பிரிகிற விரிவு தெரியும்வரை திறந்து விடுங்கள். பட்டையில் காயம் படக்கூடாது. அது பள்ளமாகித் தண்ணீர் தேங்கக்கூடாது. மண்ணை அகலமாக, வெளிப்பக்கம் சரிவாக ஒதுக்குங்கள். தண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கும் சிறு வேர் இருந்தால் வெட்டிவிடலாம்.

2. ஒரு சாண் புதைந்த இரண்டு மரங்களுக்கு இது போதாது. அவை இன்னும் பைக்கு வெளியே வேர் பரப்பவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் மண்ணுருண்டையோடு தூக்கி, மேட்டில் வைத்து நட வேண்டும். அதுவரை தொட வேண்டாம்.

3. கட்டுக்கம்பியை வெட்டி எடுங்கள். பட்டைக்குள் புதைந்ததைப் பலமாக இழுத்துப் பட்டையைக் கிழிக்க வேண்டாம். வருகிற அளவு எடுத்தால் போதும். முட்டு தேவையென்றால் இரண்டு பக்கமும் இரண்டு கம்பு, பழைய சைக்கிள் டியூப், எட்டு வடிவத்தில் தளர்வான கட்டு. மரம் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடி தடிக்கும். ஒரு வருடத்தில் முட்டையும் எடுத்துவிடுங்கள்.

4. சருகு, தேங்காய் மட்டை, காய்ந்த புல், எது கிடைத்தாலும் மூன்று நான்கு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. கரிசல் வெடிக்காமல் காப்பது இதுதான்.

5. கம்பி வைத்துப் பார்த்துத் தண்ணீர். விடும் நாளில் மூன்று நான்கு குடம், மெதுவாக, உருண்டையின் மேல். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதில் பயனில்லை.

6. ஆர்.ஓ. குழாயைத் திருப்பிவிடுங்கள். அந்தப் பாத்திகளை நல்ல மழையில் கழுவ விடுங்கள்.

7. செத்த குச்சியை மட்டும் வெட்டுங்கள். ‘பாரத்தைக் குறைக்கிறேன்’ என்று பச்சைக் கிளையை வெட்டாதீர்கள். புது வேர் விடுவதற்கான சாப்பாட்டைச் சமைப்பது அந்த இலைகள்தான்.

பிறகு இரண்டு மழைக்காலம் பொறுங்கள். ஏழில் ஐந்து தேறும் என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்த 25

ஜூன் 5 என்பது 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள். நம் மண்ணுக்கும் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1950-இல் கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவமும் ஜூலை முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை பெய்கிற ஊர்களுக்கு அது பொருத்தம். நமக்கு? ஜூனில் வெயில் இறங்கவில்லை. ஆடியில் அம்மி பறக்கிற காற்று. புதிதாக நட்ட மரத்தை உலுக்கிப் புது வேரை அறுத்துவிடும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று யாராவது எடுத்து விடுவீர்கள், தெரியும். நம் கரிசல்காட்டில் மானாவாரி விதைப்பே புரட்டாசியில்தானே? உங்கள் தாத்தாக்கள் விதைத்ததைப் பார்த்துத்தானே வளர்ந்தீர்கள்?

“சின்னக் கன்று வச்சா நாங்க நிழலைப் பார்க்க எத்தனை வருஷம் ஆகும்?” என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. பதில்: பெரிய மரம் வேரை மீட்டுக்கொள்ளவே வருடங்கள் எடுக்கும். அதுவரை வளராது, நிற்கும். இரண்டடிக் கன்று நட்ட வருடமே வேர் பிடித்து ஓட ஆரம்பிக்கும். சில வருடங்களில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். செத்துப்போன 4,500 ரூபாய் மரம் எந்த வருடமும் நிழல் தராது.

அதனால் ஜூன் 5-ஐ விடவும் வேண்டாம். அன்றைக்கு விதை போடுவோம். சரக்கொன்றையின் நீளக் கறுப்புக் காய் நம் ஊரிலேயே கிடைக்கிறது. விதையின் ஓடு கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்துப் போட்டால் முளைக்கும். ஆளுக்கு ஒரு பை, ஒரு விதை, பையில் பிள்ளையின் பெயர். (உள்ளே இருக்கிற சதையை யாரும் நக்கிப் பார்க்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பேதி மருந்து அது.) ஐப்பசியில் அவர்களே நடட்டும். குழி, பையின் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. வெட்டிய அதே மண்ணை நிரப்புங்கள். கரிசலில் கால் அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். பையை முழுதாகக் கிழித்து எறியுங்கள். அடியில் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் பிளேடால் இரண்டு மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வாழ்நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்து மரத்தையே நெரிக்கும்.

காசுக் கணக்கும் போட்டுவிட்டேன். மாதம் 3,000 ரூபாய்க்குப் பள்ளிப் பக்கத்தில் ஒருவரைத் தண்ணீர் விட, ஆடு விரட்ட வைத்தால் மூன்று வருடத்துக்கு 1,08,000. விதையில் வராதவற்றுக்குப் பதிலாக 100 ரூபாய்க் கன்றுகள் 25 வாங்கினாலும் 2,500. ஒன்றரை லட்சத்தில் மீதி 39,500. வேலிக்கும் கோடையில் தண்ணீர் லாரிக்கும் அது போதும். லாரியில் இறங்குகிற மரத்துக்குக் கொடுக்கிற காசை, தண்ணீர் ஊற்றுகிற கைக்குக் கொடுங்கள் என்கிறேன். அந்தக் கை போட்டோவில் வராது. அதனால்தான் இதுவரை யாரும் அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா?

வீட்டில் மரம் வைத்திருக்கிற உறவுகளுக்கு

புது வீடு கட்டி, வாசலில் கொன்றையோ மகிழமோ வைத்துவிட்டு, “சித்தி, ஏன் வளரலை?” என்று போட்டோ அனுப்புகிறீர்கள். மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கும்தான். கூடுதலாக இரண்டு. ஒன்று, வீடு கட்டிய மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஜல்லியும் புதைந்திருக்கும். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அந்தச் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து மரத்துக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். யூரியா போட்டால் தீராது. கட்டட மண்ணை எடுத்து நல்ல மண் போட வேண்டும். இரண்டு, தண்டு வரைக்கும் பேவர் பிளாக் பதித்துவிட்டு மரத்தைக் குறை சொல்லாதீர்கள். டெல்லியில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2013-இல் உத்தரவு போட்டது. நம் வாசலில் நாமாக எடுத்தால் கோர்ட்டு வேண்டாம்.

94 செட் பிள்ளைகளுக்கு: காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் ஆளுக்கு ஒரு பதில் வேண்டும், ‘சரி டீச்சர்’ என்றோ, ‘இல்லை டீச்சர், காரணம் இது’ என்றோ. கும்பிடு பொம்மை போட்டால் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் களைக்கொத்தோடு பள்ளியில் இருப்பேன். ஏழு மரம் திறக்க நான்கு ஆள் வேண்டும். உள்ளூரில் இருப்பவர்கள் வாருங்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்